ரூட்டர் மேஜை வாங்குவதா, செய்வதா? 24 ஷட்டர் கதவுகளை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட வேலை

இருவர் வேலை பார்க்கும் ஒரு தச்சுப் பட்டறையை வைத்துக்கொள்வோம். இடம் 12×15 அடி. ஒரு டேபிள் சா, ஒரு ஜிக்சா, டிரில்லிங் மெஷின், இரண்டு ரூட்டர்கள் (அதிவேகமாகச் சுழலும் பிட்டால் மரத்தைக் குடைந்து வெட்டும் கருவி) இருக்கின்றன. பெரிய ரூட்டர் மகிடா 3600ஹெச் வகை: 12 மி.மீ. காலெட் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் குழல்), 1500 வாட், வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை, எப்போதும் நிமிடத்துக்கு 22,000 சுற்று. சின்னது 6 மி.மீ. காலெட் உள்ள டிரிம்மர்: 530 வாட், 30,000 சுற்று. தமிழ்நாட்டில் பல சிறு பட்டறைகளில் இருக்கும் ஜோடி இதுதான்.

ஆர்டர், ஒரு சமையலறைக்கு 24 ஷட்டர் கதவுகள். ஒவ்வொன்றும் 600×400 மி.மீ. தேக்குச் சட்டம் 20 மி.மீ. தடிமன், 60 மி.மீ. அகலம், நடுவில் 6 மி.மீ. ப்ளைவுட் பேனல். சட்டத்தின் உள்விளிம்பில் பேனல் உட்கார 10 மி.மீ. ஆழக் காடி (நீளப் பள்ளம்) ஓட வேண்டும். குறுக்குச் சட்டத்தின் இரு முனையிலும் அந்தக் காடிக்குள் போய் உட்காரும் 10 மி.மீ. நாக்கு வேண்டும். இதே வாடிக்கையாளர் அடுத்துப் பூஜை அறைக் கதவுக்கு, ஓரம் சரித்து நடுப்பகுதி எழும்பி நிற்கும் மரப் பேனலும் கேட்கிறார்.

ரூட்டர் மேஜை என்றால், ரூட்டரைத் தலைகீழாக அடியில் தொங்கவிட்டு, மேலே நீட்டும் பிட்டின் மீது மரத்தைத் தள்ளி வெட்டும் மேஜை. அதைப் பற்றி யோசிக்கும் முன் வேலையை அளந்துவிட வேண்டும். நெடுக்குச் சட்டம் 600 மி.மீ. குறுக்குச் சட்டத்தின் நீளம் 400 − 120 + 20 = 300 மி.மீ. ஒரு கதவுக்குக் காடி 1.8 மீட்டர், 24 கதவுக்கு 43 மீட்டர். குறுக்குச் சட்டம் 48, முனைகள் 96, ஒவ்வொரு முனைக்கும் இரு முகம் என்றால் 192 முறை தள்ள வேண்டும்.

இதைக் கையால் பிடித்த ரூட்டரில் செய்ய முடியாதா? முடியும், ஆனால் செய்யக் கூடாது. காடி வர வேண்டிய விளிம்பு 20 மி.மீ. அகலம், ரூட்டரின் அடித்தட்டு அதைப்போல் ஏழெட்டு மடங்கு அகலம். அது ஒரு பக்கம் சாய்ந்தாலே காடியின் சுவர் கோணலாகும். பக்கத்தில் துணைக்கட்டை கட்டிச் சமாளிக்கலாம் என்றாலும் 96 சட்டத்துக்கும் கட்டையைக் கட்டி அவிழ்க்க வேண்டியிருக்கும். எனவே மேஜை வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அதில் எந்தப் பகுதிக்குக் காசு கொடுப்பது, எந்தப் பகுதிக்கு உழைப்பைக் கொடுப்பது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

மேஜைக்கு முன் ரூட்டர்

பலர் மேஜையை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் தங்கள் ரூட்டர் அதில் உட்காராததைப் பார்க்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ரூட்டரின் வேகமும் காலெட்டும் அடித்தட்டின் துளைகளும்தான் மேஜையைத் தீர்மானிக்கின்றன.

முதலில் வேகம். ரூட்டர் பிட்டின் விட்டம் கூடக்கூட அதன் வெட்டும் முனை காற்றில் பாயும் வேகமும் கூடும். 25 மி.மீ. வரையுள்ள பிட்டை 22,000 சுற்றில் ஓட்டலாம். 50 மி.மீ. பிட்டுக்கு 18,000, 65 மி.மீ.க்கு 16,000, 80 மி.மீ.க்கு மேல் 12,000 அல்லது அதற்கும் கீழ் என்பது பிட் தயாரிப்பவர்கள் பொதுவாகத் தரும் வரம்பு. பிட்டின் ஷாங்கிலேயே (காலெட்டுக்குள் போகும் தண்டு) உச்ச வேகம் பொறித்திருந்தால் அதுவே கடைசிச் சொல். மரப் பேனலின் ஓரத்தைச் சரிக்கும் 80 மி.மீ. பேனல் பிட் 12,000 சுற்றில் வினாடிக்கு 50 மீட்டர் பாய்கிறது. அதையே 22,000 சுற்று ரூட்டரில் மாட்டினால் 92 மீட்டர். அந்த வேகத்துக்கு அந்த பிட் செய்யப்படவில்லை. கார்பைடு முனை பெயர்ந்து தெறித்தால் தடுக்கப் பட்டறையில் எதுவும் இல்லை. டிரிம்மரின் 30,000 சுற்றில் 40 மி.மீ. பிட்கூட 63 மீட்டரைத் தொட்டுவிடும்.

ஆகவே இந்தப் பட்டறையின் 3600ஹெச் காடிக்கும் நாக்குக்கும் போதும், பூஜை அறைப் பேனலுக்கு ஆகாது. அந்த வேலைக்கு வேகக் கட்டுப்பாடும் 12 அல்லது 12.7 மி.மீ. காலெட்டும் உள்ள ரூட்டர் தேவை, மகிடா ஆர்.பி.2301எஃப்.சி அப்படிப்பட்டது, 2100 வாட், 9,000 முதல் 22,000 சுற்று. பழைய ரூட்டருக்கு வெளியே ஒரு ரெகுலேட்டரைப் போட்டு வேகத்தைக் குறைக்கலாம் என்று சொல்வார்கள். மின்னணுச் சுற்று இல்லாத கார்பன் பிரஷ் மோட்டாரில் வேகம் குறையும், கூடவே இழுவையும் குறையும். பேனல் பிட் மரத்தைக் கடிக்கும்போதுதான் இழுவை அதிகம் வேண்டும். அந்த வழியை விட்டுவிடுவது நல்லது.

கடையில் என்ன கிடைக்கிறது

ஒரு வகை, டிரிம்மருக்கான சின்ன மேஜை. ஒர்க்பெஞ்சில் கவ்வி வைக்கலாம். 65 மி.மீ. விட்டமுள்ள டிரிம்மர் மோட்டாரை நேராகப் பிடித்து ஏற்றி இறக்கும் லிஃப்டுடன்கூட வருகிறது. சிறிய காடி, 6 மி.மீ. வரை விளிம்பு உருட்டல் ஆகியவற்றுக்கு நல்லது. 600 மி.மீ. சட்டத்தை இதில் நிறுத்தித் தள்ளினால் இரு பக்கமும் தாங்கல் போதாது.

இன்னொன்று, முழுதாக வரும் பெஞ்ச் மேஜை. பாஷ் ஆர்.ஏ.1181 போன்றது: 27×18 அங்குல அலுமினிய மேல்தளம், ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான நேரான தடுப்பு), சுவிட்ச் எல்லாம் சேர்ந்தது. இங்கே இரண்டு பொறிகள். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்தவற்றில் சுவிட்ச் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் அதைக் கழற்றிவிட்டு வேறு போட வேண்டும். அடுத்தது, ரூட்டரைத் தாங்கும் தகட்டில் துளைத்திருக்கும் ஓட்டைகள். அங்கே அதிகம் விற்கும் போர்ட்டர்-கேபிள் 690, பாஷ் 1617 போன்ற ரூட்டர்களுக்குப் பொருந்தும்படி அவை இருக்கும். 3600ஹெச்சின் துளைகள் வேறு. தகட்டில் மறுபடி துளை போட வேண்டியிருந்தால், முழு மேஜைக்குக் கொடுத்த காசில் மிச்சப்படுத்த நினைத்த நேரம் போய்விடும்.

மூன்றாவது, உதிரிகள். இன்செர்ட் பிளேட் (அந்தத் தகடு), டீ-டிராக் (போல்ட் நகரும் உலோகக் காடி), லிஃப்ட், ஃபெதர்போர்டு (மரத்தை அழுத்திப் பிடிக்கும் பலகை) எல்லாம் தனித்தனியாக. இன்செர்ட் பிளேட்டில் பரவலான அளவு 235×298 மி.மீ., தடிமன் 9.5 மி.மீ. லிஃப்டில் ஜெசெம், வுட்பெக்கர்ஸ் போன்ற பெயர்கள் உயர்தரம். ஆனால் பெரிய லிஃப்டுகள் பெரும்பாலும் அடித்தட்டிலிருந்து முழுதாகக் கழன்று வரும் உருளை மோட்டாரைப் பிடிக்கச் செய்தவை. இரண்டு தூணில் ஏறி இறங்கும் பிளஞ்ச் ரூட்டர் அப்படிக் கழலாது. 3600ஹெச் வைத்திருப்பவர் லிஃப்ட் வாங்கினால் மோட்டாரும் புதிதாக வாங்க வேண்டும்.

முடிவும் அதன் காரணமும்

ரூட்டர் மேஜையின் துல்லியம் மூன்று இடத்தில் இருக்கிறது. மேல்தளம் தட்டையாக இருக்க வேண்டும். தகடு அந்தத் தளத்தோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். வைத்த உயரம் நகரக் கூடாது. முதலாவது மரவேலை, ஒரு தச்சர் அதைக் கடை மேஜையைவிட நன்றாகவே செய்வார். மூன்றாவது திருகும் உலோகமும் சார்ந்தது. அதைப் பட்டறையில் நன்றாகச் செய்வது கடினம். தகடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

லிஃப்ட் வேண்டுமா என்பதை எத்தனை மீட்டர் வெட்டுகிறோம் என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு நாளில் எத்தனை தடவை உயரத்தை மாற்றுகிறோம் என்று எண்ண வேண்டும். இந்த 24 கதவுகளுக்குத் தேவையான உயரங்கள் மூன்றே மூன்று: காடியின் முதல் ஆழம், இரண்டாம் ஆழம், நாக்கின் தோள். மூன்று உயரத்துக்காக லிஃப்ட் வாங்குவது வீண். தினமும் வேறு வேறு ஆர்டருக்குப் பத்துப் பதினைந்து தடவை உயரம் மாற்றும் பட்டறைக்கு லிஃப்ட் தன் விலையைச் சீக்கிரம் திருப்பித் தரும்.

எனவே இங்கே எடுக்கும் முடிவு: மேல்பலகை, ஸ்டாண்டு, ஃபென்ஸ் மூன்றையும் செய்வது. தகட்டை ஹைலம் ஷீட்டிலோ (பிசினில் இறுக்கிய கெட்டிப் பலகை) அலுமினியத்திலோ வெட்டிக்கொள்வது. சுவிட்சை வாங்குவது. லிஃப்டை இப்போதைக்குத் தள்ளிவைப்பது. பழகிய கைக்கு இரண்டு முழு நாள் வேலை. பசை காய ஓர் இரவு அதற்குள் அடங்கும். வாங்கும் மேஜையோடு ஒப்பிடும்போது அந்த இரண்டு நாள் கூலியைக் கண்டிப்பாகக் கணக்கில் எழுத வேண்டும். கையில் வேலை நிறைந்திருக்கும் வாரத்தில் அதுவே பெரிய செலவு.

ஒரே ஷீட்டில் எல்லாம்

18 மி.மீ. ப்ளைவுட், 8×4 அடி, ஒரு ஷீட் போதும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும்) தரம் உள்ளே இடுக்கு இல்லாமல் இருக்கும். பிளாக்போர்டு வேண்டாம்; உள்ளிருக்கும் கட்டைகளின் வரிசை நாளடைவில் மேல்பரப்பில் தெரியும். எம்.டி.எஃப். தட்டையாகத்தான் வரும், ஆனால் கடலோர ஊர்களின் ஈரத்தில் வெட்டிய விளிம்பு ஊதும், தொங்கும் எடையில் நாளுக்கு நாள் குழியும்.

ஷீட்டின் அளவு 2440×1220 மி.மீ. ஒரு முனையிலிருந்து 800 மி.மீ. தள்ளிக் குறுக்கே அறுத்தால் 800×600 துண்டு இரண்டு பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும், அவை மேல்பலகை. அடுத்த 850 மி.மீ.யில் 850×550 இரண்டு, ஸ்டாண்டின் பக்கப் பலகைகள். அவற்றின் ஓரத்தில் 114 மி.மீ. அகலப் பட்டை மிஞ்சும். அதிலிருந்து 600×55 அளவில் இரண்டு குறுக்குக் கட்டைகளும், மிச்சத்தில் ஃபென்ஸுக்கு 100×110 அளவில் நான்கு முக்கோணங்களும் எடுக்கலாம். கடைசியில் மிஞ்சும் 784×1220 துண்டில் 600×500 இரண்டு (ஒன்று தட்டு, ஒன்று பின்பலகை), ஃபென்ஸுக்கு 800×150, 800×100 ஒவ்வொன்று, ஓரத்தில் 395×120 இரண்டு முகப்பலகைகள். ரம்பத் தடம் 3 மி.மீ. கழித்தும் எல்லாம் அடங்குகிறது. முதல் குறுக்கு அறுப்பை 830 என்று தாராளமாக எடுத்தால் கடைசித் துண்டில் இடிக்கும்.

ஸ்டாண்டு: பக்கப் பலகைகளுக்கு நடுவில் பின்பலகை மேலிருந்து 500 மி.மீ. இறங்கி நிற்கிறது, குறுக்குக் கட்டைகள் கீழே முன்னும் பின்னும். வெளி அகலம் 636 மி.மீ. ஆகும். மேல்பலகை 800 என்பதால் இரு பக்கமும் 82 மி.மீ. வெளியே நீட்டியிருக்கும். ஃபென்ஸைக் கவ்வ அந்த நீட்டல் தேவை. மொத்த உயரம் 890 மி.மீ. அளவில் முடியும், நின்று தள்ள வசதியான உயரம்.

மேல்பலகை

இரண்டு 18 மி.மீ. துண்டுகளை ஒட்டி 36 மி.மீ. ஆக்குகிறோம். ஒட்டும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மேடுபள்ளமான தரையில் வைத்து எடை ஏற்றினால் தரையின் வளைவு பலகையில் நிரந்தரமாகப் பதியும். பிறகு எந்த இழைப்புளியாலும் சரிசெய்ய முடியாது. கிரானைட் மேடை அல்லது டேபிள் சாவின் மேல்தளம் பொருத்தமான இடம். இரண்டு துண்டிலும் இயல்பாக இருக்கும் வளைவைப் பார்த்து, குழிந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். வெள்ளை ஃபெவிகால் சுமார் 120 கிராம் போதும், ஒரு முகத்தில் மட்டும் சீராகப் பரப்ப வேண்டும். கீழிருந்து 30 மி.மீ. ஸ்க்ரூக்களை 150 மி.மீ. இடைவெளியில் ஏற்றலாம். நடுவில் தகட்டுக்கான பகுதியில் ஒரு ஸ்க்ரூகூட வரக் கூடாது. அங்கேதான் பின்னால் பிட் ஓடப்போகிறது.

காய்ந்தபின் மைக்கா. மேலே மட்டும் ஒட்டிவிட்டுக் கீழே விட்டால், கீழ்முகம் மட்டும் ஈரத்தை வாங்கி வெளியிடும். சில மாதங்களில் பலகை வளைந்துவிடும். இது வீட்டில் செய்த மேஜைகளில் அடிக்கடி நடக்கும் பிழை, தவிர்ப்பதும் எளிது: ஒரே தடிமன் மைக்காவை இரு முகத்திலும் ஒட்டுங்கள். மேட் பரப்பு நல்லது. பளபளப்பு சீக்கிரம் கீறும், சொரசொரப்பு மரத்தை ஓடவிடாது. இதற்கு ரப்பர் பசை: இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்தபின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்த வேண்டும்.

மைட்டர் காடி (கோணம் வைத்துத் தள்ளும் கருவி ஓடும் பள்ளம்) வேண்டாம் என்பதே இங்கே பரிந்துரை. அது பலகையைப் பலவீனப்படுத்தும். அதைவிட முக்கியமான காரணம், அந்தக் காடி இருந்தால் ஃபென்ஸ் எப்போதும் அதற்கு இணையாக இருந்தாக வேண்டும். டேபிள் சாவுக்கு அந்த இணை தேவை. ரூட்டர் பிட் வட்டமானது. ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் உள்ள தூரம் ஒன்றே கணக்கு, ஃபென்ஸ் மேஜையில் எந்தக் கோணத்தில் கிடந்தாலும் வெட்டு ஒன்றுதான். இதைப் புரிந்துகொண்டால் ஃபென்ஸ் மிக எளிதாகிவிடும். வலது முனையை இறுகக் கவ்விவிட்டு இடது முனையை மட்டும் நகர்த்தினால் நடுவில் இருக்கும் பிட்டில் நகர்வு ஏறக்குறைய பாதியாக விழும். 0.2 மி.மீ. வேண்டுமானால் முனையை 0.4 நகர்த்தினால் போதும்.

தகடு

10 மி.மீ. ஹைலம் ஷீட் மின்சாமான் கடைகளில் வெட்டிக் கிடைக்கும். விறைப்பானது, சூட்டுக்கு இளகாது. 8 மி.மீ. அலுமினியமும் சரி. அக்ரிலிக் தெரியாமல் பயன்படுத்தும் பொருள்; ஐந்து கிலோ ரூட்டர் தொங்கத் தொங்கக் குழியும்.

தகட்டை 300×235 மி.மீ. வெட்டி, ரூட்டரின் கறுப்பு அடித்தட்டைக் கழற்றி அதையே அச்சாக வைத்துத் துளை குறியுங்கள். அளந்து குறித்தால் ஒரு துளையாவது தள்ளிப்போகும். நடு மையத்தை, வி-பிட்டை மாட்டிக் கையால் இறக்கி முனையால் தொட்டு எடுக்கலாம். திருகுத் தலைகள் தகட்டுக்குள் அரை மி.மீ. ஆழத்தில் மறைய வேண்டும். பழைய திருகுகள் நீளம் போதாது: கறுப்புத் தட்டுக்கும் புதிய தகட்டுக்கும் உள்ள தடிமன் வித்தியாசத்தைக் கூட்டி வாங்குங்கள். மிகவும் நீண்டால் ரூட்டரின் உள்ளே முட்டி, இறுகியதுபோல் தெரியும், தகடு ஆடிக்கொண்டிருக்கும்.

பள்ளம் எடுக்க, தகட்டை மேஜையில் வைத்து நான்கு பக்கமும் 12 மி.மீ. ப்ளைவுட் பட்டைகளை ஒட்டி நிறுத்தி இரட்டை ஒட்டு டேப்பால் பிடியுங்கள். தகட்டை எடுத்துவிட்டால் அதன் அளவிலேயே டெம்ப்ளேட் தயார். ஷாங்க் பக்கம் பேரிங் உள்ள 12.7 மி.மீ. பிட்டை டிரிம்மரில் மாட்டி, 3 மி.மீ. வீதம் இறங்கி 11 மி.மீ. ஆழம் (8 மி.மீ. அலுமினியமானால் 9). தகட்டைவிட ஒரு மி.மீ. கூடுதலாக வைப்பது வேண்டுமென்றேதான். மூலைகள் 6.35 மி.மீ. ஆரத்தில் வரும், தகட்டின் மூலையை அதற்கு அரத்தால் உருட்டிவிடுங்கள். பிறகு 12 மி.மீ. விளிம்பு விட்டு உள்ளே 276×211 மி.மீ. ஜிக்சாவால் அறுத்து எடுங்கள். முதலில் ஓட்டையை அறுத்துவிட்டால் டிரிம்மருக்குத் தாங்கல் இருக்காது.

விளிம்பில் ஆறு சிறு மர ஸ்க்ரூக்களை ஏற்றி, அவற்றின் தலையில் தகடு உட்காரும்படி செய்கிறோம். அந்த ஒரு மி.மீ. இதற்காகத்தான். ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றி இறக்கி மட்டம் செய்யலாம். மரம் வெளியேறும் இடது பக்கத்தில் மேஜை தகட்டைவிட ஒரு தாள் அளவு உயர்ந்திருந்தாலும் சட்டத்தின் முனை இடித்து நிற்கும். அந்த இடத்தில் பிட் மரத்தைக் கருக்கி விடும்.

உயரம்

தலைகீழாகத் தொங்கும் பிளஞ்ச் ரூட்டரை ஏற்ற வேண்டுமானால் அதன் எடையோடு ஸ்பிரிங்கையும் எதிர்த்துத் தள்ள வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றினால் எடை மட்டும் மிஞ்சும். கழற்றிய ஸ்பிரிங்கைப் பத்திரமாக வையுங்கள்; கையில் பிடித்து வேலை செய்ய அது இல்லாமல் முடியாது.

ஏற்றுவதற்குச் சிறிய கார் ஜாக்கி, கத்தரி வகை. ரூட்டர் நீளம், ஜாக்கியின் மூடிய உயரம், கூடுதலாக 20 மி.மீ. என்று கூட்டி அந்த இடத்தில் ஸ்டாண்டின் தட்டைப் பொருத்துங்கள். ரூட்டரின் தலையில் காற்று இழுக்கும் துளைகள் இருக்கும். ஜாக்கி நேராக அதை அடைத்தால் மோட்டார் சூடேறும். இரண்டு ஓரத்திலும் சிறு கட்டை வைத்து அதன் மேல் ஜாக்கி தாங்கட்டும். கத்தரி ஜாக்கி ஒரு சுற்றுக்கு எப்போதும் ஒரே அளவு ஏறாது. சுற்றை எண்ணாமல் மேஜை மேல் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி முடியுங்கள். மேலே போய்விட்டால் முழுதாக இறக்கி மறுபடி ஏற்றுங்கள், திருகின் தளர்ச்சி அப்போதுதான் ஒரு பக்கம் நிற்கும். கடைசியாக ரூட்டரின் பூட்டை இறுக்க மறக்கக் கூடாது. பூட்டாமல் ஜாக்கியை மட்டும் நம்பினால் அதிர்வில் மெதுவாக இறங்கி, முதல் சட்டத்தின் காடி 10 மி.மீ., இருபதாவது 9.5 என்று முடியும்.

பிட்டை மாட்டும்போது காலெட்டின் அடிவரை தள்ளிவிட்டு 2-3 மி.மீ. வெளியே இழுத்துப் பூட்டுங்கள். அடியில் முட்டிய பிட், காலெட் இறுகும்போது உள்ளே இறங்க இடமில்லாமல் சரியாகப் பிடிபடாது.

ஃபென்ஸ், மின்சாரம், தூசி

ஃபென்ஸ் ஒரு எல் வடிவம். நடுவில் 50 மி.மீ. திறப்பு, பின்னால் நான்கு முக்கோணங்கள். முன்பக்கம் 395 மி.மீ. முகப்பலகைகள் இரண்டும் நகரும்படி நீள்துளையில் போல்ட் போடுங்கள். பிட்டுக்கு எவ்வளவு நெருக்கமாகக் கூடுமோ அவ்வளவு நெருக்கம். இடைவெளி பெரிதானால் குறுகிய மரத்தின் முனை அதற்குள் விழும். இடது முகப்பலகைக்குப் பின்னால் ஒரு மி.மீ. மைக்காத் துண்டைச் செருகினால் அதே ஃபென்ஸ் பலகை விளிம்பை நேராக்கும் ஜாயின்டர் ஆகிவிடும். அப்போது இடது முகத்தின் பரப்பு, நேர்பிட்டின் வெட்டுக் கோட்டோடு சேர வேண்டும்.

1500 வாட் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் போதாது. தூசி உறிஞ்சியும் அதே வரியில் ஓடினால் 16 ஆம்பியர் பாயின்டும் 2.5 சதுர மி.மீ. ஒயரும் தேவை. எர்த் கட்டாயம். அதைவிடக் கட்டாயம் நோ-வோல்ட் சுவிட்ச். மேஜைக்கடியில் ரூட்டரின் சொந்த சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்கும். மின்சாரம் போய் மறுபடி வரும்போது, கை பிட்டின் மேல் இருந்தாலும் அது தானே சுற்றத் தொடங்கிவிடும். நோ-வோல்ட் சுவிட்ச் இருந்தால் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை ஓடாது. மொத்த மேஜையில் காசு குறைக்கவே கூடாத இடம் இதுதான்.

தூசிக்கு ஃபென்ஸின் திறப்புக்குப் பின்னால் ஒரு பெட்டி அடித்து, வாக்குவம் குழாய்க்குத் துளை போடுங்கள். காடி வெட்டும்போது துகள் மேலே வராமல் காடிக்குள்ளேயே அடையும். அதற்குக் கீழ்ப்பெட்டியிலும் உறிஞ்சல் வேண்டும். பெட்டியை முழுதாக மூடிவிடாமல் காற்று நுழைய வழி விடுங்கள், இல்லையென்றால் மோட்டார் தன் சூட்டிலேயே வேகும். தேக்குத் தூசி தோலையும் மூச்சையும் உறுத்தும். என்95 முகக்கவசமும் காதுக்கு மூடியும் போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள்.

ஓட்டும் முன் சோதனை

600 மி.மீ. இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி மேஜை மேல் வைத்து, அடியில் சாதாரண ஏ4 தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் சுமார் 0.1 மி.மீ. ஸ்கேலின் நடுவில் இரண்டு தாள் நுழைந்தால் பள்ளம். நடுவில் ஒரு தாள் மேடு பரவாயில்லை, பள்ளம்தான் கெடுதல்: நீளமான மரம் பள்ளத்தின் மேல் பாலமாக நிற்கும், குட்டையான மரம் உள்ளே இறங்கும், காடியின் ஆழம் ஆளுக்கு ஒன்றாக இருக்கும். பிறகு ஃபென்ஸை மூலைமட்டத்தில் பாருங்கள். சாய்ந்திருந்தால் முகப்பலகைக்குப் பின்னால் காகிதம் செருகலாம். ஒரு வீண் கட்டையில் காடி எடுத்து மூன்று இடத்தில் வெர்னியரால் ஆழம் பாருங்கள். மூன்றும் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கடைசியாக மெஷின் ஓடும்போது பிளக் பாயின்ட் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். ரூட்டர் தானே ஓடினால் இணைப்பு தவறு.

கதவுகள் ஓடும் விதம்

6 மி.மீ. என்று விற்கும் ப்ளைவுட் பெரும்பாலும் அதைவிட மெல்லியது. இங்கே அளவு 5.5 என்று வைப்போம். 6 மி.மீ. பிட்டால் ஒரே ஓட்டில் வெட்டினால் பேனல் ஆடும். 5 மி.மீ. பிட்டைப் போட்டு, சட்டத்தை ஒரு முகம் ஃபென்ஸில் பட ஒரு தடவை, திருப்பி மறு முகம் பட ஒரு தடவை ஓட்டினால் காடி தானாக நடுவில் விழும். தேவை 5.6 என்றால் பிட்டின் மையம் ஃபென்ஸிலிருந்து 10.3 மி.மீ.யில் இருக்க வேண்டும்.

9.7 வைத்தாலும் அதே அகலம் வருமே என்று தோன்றும். வரும், ஆனால் ஆபத்து அங்கேதான். மேலிருந்து பார்த்தால் மேஜையில் பிட் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, அதனால் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளுகிறோம். இரண்டாவது ஓட்டில் பிட் காடியின் எந்தச் சுவரைச் செதுக்குகிறது என்பது முக்கியம். 10.3இல் அது நம் பக்கச் சுவரைச் செதுக்கும். பிட் நம் தள்ளலுக்கு எதிராக நிற்கும், மரம் கட்டுக்குள் இருக்கும். 9.7இல் ஃபென்ஸ் பக்கச் சுவரைச் செதுக்கும். பிட் மரத்தைக் கையிலிருந்து பிடுங்கி இடது பக்கம் வீசும், கை பிட்டை நோக்கிப் போகும். காடியை அகலமாக்கும் எந்த வேலையிலும் ஃபென்ஸைப் பிட்டிலிருந்து விலக்கித்தான் அடுத்த ஓட்டு. அதே காரணத்தால் பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் இடையில் மரத்தை நுழைத்து ஓரம் வெட்டவே கூடாது.

5 மி.மீ. ஆழத்தில் எல்லாச் சட்டத்தையும் இரு முகமும் ஓட்டி முடித்து, பிறகுதான் 10க்கு ஏற்றுங்கள். ஒரு சட்டத்தை முழுதாக முடித்து அடுத்ததைத் தொட்டால் 96 தடவை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். இப்படி ஓட்டினால் மொத்தம் 43 மீட்டர் நான்கு தடவை, 173 மீட்டர். நிமிடத்துக்கு 3 மீட்டர் தள்ளினால் வெட்டு நேரம் ஒரு மணிதான். மரத்தை ஃபென்ஸோடு அழுத்திப் பிடிக்க, விரல் விரலாக அறுத்த ஃபெதர்போர்டு ஒன்று பிட்டுக்குச் சற்று வலது பக்கம் இருக்கட்டும்.

நாக்குக்கு 16 மி.மீ. நேர்பிட், உயரம் 7.2 மி.மீ. (20இல் 5.6 போக மீதியின் பாதி), ஃபென்ஸிலிருந்து பிட்டின் வெளி விளிம்பு 10 மி.மீ. குறுக்குச் சட்டம் 60 மி.மீ. அகலந்தான், முனையை மட்டும் ஃபென்ஸில் வைத்துத் தள்ளினால் சுழலும். பின்னால் 150 மி.மீ. அகலத்தில் மூலை சரியாக அறுத்த ஒரு பலகையை வைத்து இரண்டையும் சேர்த்துத் தள்ளுங்கள். பிட் வெளியேறும்போது நார் பிய்வதையும் அதுவே தடுக்கும். முதல் நாக்கைக் காடியில் நுழைத்துப் பாருங்கள்: கையால் அழுத்தினால் போக வேண்டும், சுத்தியல் கேட்டால் உயரத்தைக் கால் மி.மீ. அளவுக்குள் ஏற்றுங்கள்.

பேனல் 498×298 மி.மீ., நான்கு பக்கமும் ஒரு மி.மீ. தளர்வு. ப்ளைவுட் ஈரத்தில் அசையாது, எனவே சுற்றிலும் பசை போட்டு ஒட்டலாம், 10 மி.மீ. குட்டை நாக்குக்கு அதுதான் பலம். பூஜை அறைக்கு வரும் மரப் பேனலை ஒருபோதும் ஒட்டக் கூடாது, அது சுருங்கும்போது வெடிக்கும்.

எப்போது வாங்கலாம்

டேபிள் சா இல்லாத பட்டறையில் இந்தத் துண்டுகளைச் சதுரமாக அறுப்பதே சிரமம். அங்கே மேல்பலகையையாவது வாங்குவது சரி. இடமில்லாமல் வேலை முடிந்ததும் மடித்து வைக்க வேண்டியவருக்கும் கடை பெஞ்ச் மேஜை பொருந்தும், அவர் ரூட்டரின் பெயர் அந்தத் தகட்டின் பட்டியலில் இருந்தால். நூறு மீட்டர் கணக்கில் ஒரே வடிவப் பீடிங் மட்டும் வேண்டுமென்றால் மேஜையே வேண்டாம். மர மில்லில் ஸ்பிண்டில் மோல்டர் (விளிம்பு வடிவம் வெட்டும் பெரிய மெஷின்) வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

இந்தப் பட்டறையில் அடுத்த செலவு பூஜை அறைக் கதவு உறுதியாகும்போது வரும்: முதலில் வேகம் மாற்றக்கூடிய ரூட்டர், அதன் துளைகளுக்கு ஏற்ப அதே 300×235 அளவில் இரண்டாவது ஹைலம் தகடு, நடுத்துளை 90 மி.மீ.; ஃபென்ஸின் திறப்பையும் அதற்கேற்ப அகலமாக்க வேண்டும். 3600ஹெச் தன் தகட்டோடு ஒரு பக்கம் இருக்கும். இரண்டு ரூட்டரும் மாறி மாறி ஒரே பள்ளத்தில் உட்கார, விளிம்பிலுள்ள ஆறு ஸ்க்ரூக்களை இரண்டாம் முறை தொட வேண்டியிராதபடி, இரண்டு தகடும் ஒரே ஷீட்டிலிருந்து ஒரே நாளில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். முதல் தகட்டுக்குக் கடைக்குப் போகும்போதே இரண்டாக வெட்டி வாங்கிவிடுங்கள்.